டிஸ்சார்ஜ் தாளில் இருந்த மூன்று எழுத்து

விபத்தில் அடிபட்டவரை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் இன்சூரன்ஸ்காரர்களுக்கும் நடுவே அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதையெல்லாம் யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால், அப்பா பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தை நான் ரோட்டில் தொலைத்திருக்க மாட்டேன். நான் ஒரே பெண். அம்மா இல்லை. வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கூடமாட ஒத்தாசைக்கு என்று இருந்தது அத்தையும் அவர் மகனும்தான்.

அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுகர், பி.பி. இரண்டும் உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். திருநகரிலிருந்து பசுமலைப் பக்கம் தன் டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் போய்க்கொண்டிருந்தபோது, எதிர்த்திசையில் தப்பான பக்கமாக வந்த பைக் இடித்துவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்தன. கொஞ்ச நேரம் நினைவு இல்லை. 108 ஆம்புலன்ஸ் வந்து ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கேஷுவாலிட்டியில் ஊசி போட்டு, தையல் போட்டு, தலைக்கு ஸ்கேன் எடுத்து, காலுக்கு மாவுக்கட்டு வைத்து, எல்லாம் வேகமாகத்தான் செய்தார்கள். தலையில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மருத்துவ பாலிசி இருக்கிறதே, வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தே காலுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாற்றினோம். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் பிரச்சினை ஆரம்பித்தது. கேஷ்லெஸ், அதாவது பில்லை இன்சூரன்ஸே நேரடியாகக் கட்டும் ஏற்பாடு, நிற்கிறது, இன்சூரன்ஸிலிருந்து கேள்வி வந்திருக்கிறது என்றார்கள். கேள்வி என்ன என்று பார்த்தால் பாதிக்கு மேல் சுருக்கெழுத்து. ஏ.ஆர். நகல், எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ் என்ற மருத்துவப் பதிவு), எப்.ஐ.ஆர்., டி.எல்., ஆர்.சி. வேண்டும் என்று ஒரு வரி. அது எலும்பு முறிவு என்றாலே கேட்கிற வழக்கமான பட்டியல். அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘ஆர்.டி.ஏ. எத்தனை காலமாக உள்ளது? முந்தைய சிகிச்சை ஆவணங்களை அனுப்பவும்.’ எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்சூரன்ஸ் மேசையில் இருந்தவரிடம் கேட்டேன். “ஆர்.டி.ஏ. பத்திக் கேக்குறாங்கம்மா. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போயி வண்டி விவரம் எழுதி வாங்கிட்டு வந்துருங்க, சரியாயிரும்” என்றார். தினமும் இதே வேலையாக இருப்பவர் சொல்கிறார், அதற்கு மேல் யாரைக் கேட்பது?

பணம் கட்டாமல் அப்பாவைக் கூட்டிப்போக முடியாது. பில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. கையிருப்பு போக மிச்சத்துக்கு வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தேன். அடகுக்கடைப் படியேறும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நகை போகிறதே என்று அழவில்லை. மாதாமாதம் பென்ஷனில் மிச்சம் பிடித்து அப்பா கட்டிய பாலிசி, தேவைப்படுகிற நேரத்தில் மூன்று எழுத்தால் நின்றுபோனதே என்றுதான்.

அப்புறம் போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைந்தேன். உள்ளே கவுன்டரில், விபத்து சம்பந்தமாக நாங்கள் எதுவும் எழுதித் தருவதில்லை என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். வாசலில் நின்ற புரோக்கர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, “ஆர்.டி.ஏ. சர்டிபிகேட்தானக்கா, நான் வாங்கித் தாரேன்” என்று 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். மறுநாள் அவர் கொடுத்தது அப்பா வண்டியின் ஆர்.சி. விவரம் அச்சடித்த ஒரு தாள். இதே விவரம் எம்பரிவாகன் செயலியிலும் டிஜிலாக்கரிலும் காசில்லாமல் கிடைக்கிறது. அவற்றில் இருக்கும் லைசென்ஸும் ஆர்.சி.யும் அசலுக்குச் சமமாகச் செல்லும். இதற்காக யாருக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

அன்று ராத்திரி போனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ஆர்.டி.ஏ.வா? அது இங்க துபாய்ல மெட்ரோ, பஸ்ஸெல்லாம் பாக்குற துறையாச்சே, அங்க எதுக்குக் கேக்குறாங்க?” என்றார். நம் ஊரிலும் அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 68ஆவது பிரிவின்படி அமைந்த வட்டாரப் போக்குவரத்து ஆணையம். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பெர்மிட் கொடுப்பது அதன் வேலை. கால் உடைந்தவருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் அவரவர் அறிந்த அளவில் எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள். அதனால்தான் யார் சொன்னதையும் என்னால் சந்தேகப்பட முடியவில்லை.

அதற்கு அடுத்து வந்த ராத்திரிகளை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. தூக்கம் வராமல் இணையத்தில் தேடியபோது, மருத்துவத்தில் ஆர்.டி.ஏ. என்றால் சிறுநீரக நோய் ஒன்றையும் குறிக்கும் என்று வந்தது. ரீனல் டியூபுலர் அசிடோசிஸ். ரத்தத்தில் சேரும் அமிலத்தைச் சிறுநீரகம் சரியாக வெளியேற்ற முடியாமல் போவது. அதில் நாலாவது வகை சுகர்காரர்களுக்கு வரக்கூடியது என்றும் போட்டிருந்தது. அப்பாவுக்குச் சுகர். உடனே கிட்னி போய்விட்டதா, டாக்டர்கள் என்னிடம் மறைக்கிறார்களா என்று மனசு எங்கெங்கோ ஓடியது. ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டைப் புரட்டினால் அதில் ‘டிரிவியல் ஏ.ஆர்.’ என்று இருந்தது. இன்சூரன்ஸ்காரர்களும் ஏ.ஆர். கேட்டிருந்தார்களே! இதயத்திலும் கோளாறா? அப்பா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்க, நான் அடுப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் அத்தை பயந்துவிடுவார்.

தையல் பிரிக்கப் போன அன்றைக்கு, டூட்டியில் இருந்த இளம் டாக்டரிடம் தாளை நீட்டி, எங்கப்பாவுக்குக் கிட்னி நோய் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவர் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய கேஸ் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கேஸ் ஷீட்டில் ஒரு வரியில் டி.எம்., எச்.டி.என். என்று இருந்தது. அதாவது சுகர், ரத்த அழுத்தம். அடுத்த வரியில் ‘ஏ.எச்.ஓ. ஆர்.டி.ஏ.’ என்று கையால் எழுதியிருந்தது. ரோடு டிராஃபிக் ஆக்ஸிடென்ட், சாலை விபத்து. சம்மரியை டைப் செய்தவர் இரண்டு வரியையும் ஒன்றாக்கி, ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற தலைப்பில் டி.எம்., எச்.டி.என்., ஆர்.டி.ஏ. என்று கமா போட்டு அடித்துவிட்டார். டாக்டர் அந்தக் கமாவின் மேல் பேனாவை வைத்து, “இங்க ஒரு புள்ளி வச்சு அடுத்த வரிக்குப் போயிருக்கணும்மா. சுகர்காரருக்குப் பக்கத்துல இப்படி இருந்தா படிக்கிறவங்க கிட்னின்னுதான் நினைப்பாங்க” என்றார். பாலிசி எடுக்கும்போது சொல்லாத சிறுநீரக நோய் என்று எடுத்துக்கொண்டுதான் கிளெய்மை நிறுத்தியிருக்கிறார்கள். கிரியாட்டினின், பொட்டாசியம் எல்லாம் சரியாக இருப்பதை அவரே விரல் வைத்துக் காட்டினார். எக்கோவில் இருந்த ஏ.ஆர். அயோர்ட்டிக் வால்வில் மிக லேசான கசிவு, கவலைப்பட ஒன்றுமில்லை. இன்சூரன்ஸ் கேட்ட ஏ.ஆர். ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர், கேஷுவாலிட்டியில் விபத்துகளைப் பதியும் பதிவேடு. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். டாக்டர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வந்ததும், மருந்துப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், பழைய நோய்கள் என்ற வரியைப் பாருங்கள். அதில் இருக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன பொருள் என்று அங்கேயே கேளுங்கள். விபத்து என்றால் ‘ரோடு டிராஃபிக் ஆக்ஸிடென்ட்’ என்று முழுசாக எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே எந்தத் தேதி, எந்த இடம், எந்தக் கால் என்பதும் இருக்கட்டும். திருத்தம் என்றால் பேனாவால் அடித்துத் தருவதை வாங்காதீர்கள். புதிதாக அச்சடித்து, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை, திருத்திய தேதி எல்லாம் இருந்தால்தான் செல்லும். ஏ.எச்.ஓ. என்பது ‘அலெஜ்டு ஹிஸ்டரி ஆஃப்’, இப்படி நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்று பொருள். அதைப் பார்த்து, நாம் சொன்னதைச் சந்தேகப்படுகிறார்கள் போலிருக்கிறதே என்று பதற வேண்டாம். டாக்டர் விபத்தை நேரில் பார்க்கவில்லை, கொண்டுவந்தவர்கள் சொன்னதை எழுதுகிறார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஏ.ஆர். நகல் விஷயத்தில் இன்னொன்று. முதலில் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களோ அங்கேதான் அந்தப் பதிவு இருக்கும். பிறகு எங்கே ஆபரேஷன் நடந்தாலும் சரி. கேஷுவாலிட்டியை விட்டு வெளியேறும்போதே ஏ.ஆர். எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எண் கையில் இல்லாததால், ஜி.எச்.சில் மனு எழுதிக் கொடுத்த பிறகு அப்பாவின் பெயரைத் தேடி எடுக்கவே நேரமாகிவிட்டது. என்ன வண்டி மோதியது, எந்த இடம், எத்தனை மணி, யார் கொண்டுவந்தார்கள், மது வாடை இருந்ததா என்று அதில் எழுதியிருப்பதைத்தான் பின்னால் எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே கொண்டுவந்து சேர்த்தவர் சரியான விவரம் சொன்னாரா என்று சீக்கிரமே விசாரித்துவிடுங்கள். போலீஸில் முதலில் தருவது சி.எஸ்.ஆர். ரசீதாக இருக்கலாம். புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். எப்.ஐ.ஆர். வேறு. எப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவே சொல்கிறது.

நம் எழுத்தில் எழுதும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் T, D என்று இரண்டு எழுத்தாக இருப்பது நமக்கு ஒரே ‘டி’தான். வருவாய்க் கோட்டாட்சியரும் ஆர்.டி.ஓ., வண்டி ஆபீஸும் ஆர்.டி.ஓ. “ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகணும்” என்று அத்தை சொல்ல, ஆட்டோக்காரர் அவரைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இறக்கிவிட்டார். வெயிலில் அத்தை அங்கே காத்திருக்க, நான் இங்கே காத்திருக்க, அரை நாள் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர், மருந்துச் சீட்டில் அதுவே தினம் ஒரு வேளை, பஸ் டிரைவர் வீட்டில் கேட்டால் கூடுதல் நேர வேலை. அடிபட்டவருக்குப் போடும் டி.டி. டெட்டனஸ் ஊசி, பேங்கில் டி.டி. வரைவோலை. ரத்தப் பரிசோதனையில் டி.சி. என்று அடுத்தடுத்து இரண்டு வரும். ஒன்று மொத்த வெள்ளணு எண்ணிக்கை, மற்றது அதிலுள்ள வகைகளின் கணக்கு. போனில் யாராவது இப்படிச் சொன்னால், தமிழில் குறித்துக்கொள்ளாமல் ஆங்கில எழுத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பணமும் நேரமும் போன கதை. அடுத்தது உடம்புக்கே வந்த ஆபத்து. நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் அத்தையும் அவர் மகனும் அப்பாவைப் பார்த்துக்கொண்டார்கள். அத்தை மகன் கால் டாக்சி ஓட்டுகிறான். அவனுக்கு எஸ்.ஓ.எஸ். என்றால் நான்குவழிச் சாலை ஓரத்தில் இருக்கும் அவசர போன், வண்டிக்குள் இருக்கும் அபாய பொத்தான். டிரமடால் என்ற வலி மாத்திரைக்கு எதிரே எஸ்.ஓ.எஸ். என்று பார்த்ததும், இது கட்டாயம் கொடுக்க வேண்டிய அவசர மாத்திரை என்று எண்ணி வேளாவேளைக்குக் கொடுத்திருக்கிறான். பாசத்தில் செய்ததுதான். அப்பா எழுப்ப எழுப்ப எழாமல் தூங்கினார், எழுந்தால் வாந்தி. திருநகரில் எங்களுக்கு வழக்கமான மெடிக்கல் ஷாப் அண்ணன்தான் சீட்டைப் பார்த்துத் திடுக்கிட்டு, “இது வலி தாங்க முடியலைன்னா மட்டும்மா” என்றார். மருந்துச் சீட்டில் எஸ்.ஓ.எஸ். லத்தீனிலிருந்து வந்தது, தேவைப்பட்டால் மட்டும் என்று பொருளாம். கப்பல்காரர்கள் அனுப்பும் அபாயக் குறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உடனே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு மாத்திரையை நிறுத்தினோம். அதற்குப் பிறகுதான் அப்பா தெளிந்தார்.

அந்த அண்ணன் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன். பி.டி. தினம் இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கப் போகும்போது. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். ரயில் டிக்கெட்டில் எஸ்.எல். என்றால் ஸ்லீப்பர். அத்தையின் நெஞ்சுவலி மாத்திரைக்கு எதிரே அதுவே இருந்தால், நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியது, தண்ணீர் ஊற்றி விழுங்கக் கூடாது. கண் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஓ.டி. வலது கண்ணைக் குறிக்கும், ஓ.எஸ். இடது கண், ஓ.யு. இரண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். யூனிட் என்பதற்கு ஆங்கில ‘யு’வை மட்டும் எண்ணோடு ஒட்டி எழுதினால் அது பூஜ்யம் போலத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதற்காகவே அமெரிக்காவில் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு 2004லேயே எழுதக் கூடாத சுருக்கெழுத்துகளைப் பட்டியல் போட்டது. அதில் இந்த ‘யு’வும் உண்டு. மாத்திரை வாங்கும்போதே அட்டையின் மேல் ‘காலை சாப்பிட்டபின்’, ‘வலித்தால் மட்டும்’ என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. கேட்கத்தான் நமக்குக் கூச்சம்.

ஒரு துறைக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் சுருக்கி எழுதிக்கொள்ளட்டும். கேஷுவாலிட்டியில் பத்துப் பேர் காத்திருக்கும்போது டாக்டர் முழு வாக்கியம் எழுதிக்கொண்டிருக்க முடியாது, அது எனக்கும் புரிகிறது. ஆனால் நோயாளி கையில் கொடுத்து வெளியே அனுப்பும் தாளில் சுருக்கெழுத்து இருக்கவே கூடாது என்பதுதான் என் எண்ணம். அந்தத் தாளைப் போலீஸ்காரர் படிக்கிறார், இன்சூரன்ஸ்காரர் படிக்கிறார், கோர்ட்டில் படிக்கிறார்கள், வீட்டில் மருந்து கொடுப்பவர் படிக்கிறார்.

திருத்திய சம்மரியையும் ஏ.ஆர். நகலையும் எப்.ஐ.ஆரையும் அனுப்பிய பிறகு பணம் வந்தது. கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம் என்று கழித்ததுபோக ஒரு லட்சத்து நாற்பதாயிரம் போலக் கிடைத்தது. அடகு வட்டி, புரோக்கருக்குக் கொடுத்தது, ஆட்டோ செலவு, லீவுக்குப் பிடித்த சம்பளம் எல்லாம் சேர்த்து பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போனது போனதுதான். அதை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. கிளெய்மை மறுத்துவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 155255 என்ற எண்ணில், இன்சூரன்ஸ் நிறுவனங்களை மேற்பார்க்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடமும் புகார் பதியலாம். இடித்த வண்டியின் இன்சூரன்ஸிடமிருந்து இழப்பீடு கேட்பது தனி வழக்கு. 2022 ஏப்ரல் 1 முதல் அதற்கு 6 மாதக் கெடு இருக்கிறது. ஆகவே கால் ஆறட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் சீக்கிரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

சம்மரியைத் திருத்த நான் மருத்துவமனைக்குக் கொடுத்த மனுவில் இருந்தது இவ்வளவுதான்: ‘டிஸ்சார்ஜ் சம்மரியில் பழைய நோய்கள் பகுதியில் ஆர்.டி.ஏ. என்று உள்ளது. கேஸ் ஷீட்டின்படி அது சாலை விபத்தைக் குறிக்கிறது. நோயாளிக்குச் சிறுநீரக நோய் இல்லை. அந்தச் சொல்லை அந்தப் பகுதியிலிருந்து நீக்கி, விபத்து விவரத்தைத் தனி வரியில் சுருக்காமல் முழுமையாக எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ மேலே ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் ஆன தேதி. கூடவே பழைய சம்மரியின் ஜெராக்ஸில் அந்த வரியை வட்டமிட்டு இணைத்தேன். உங்களுக்குத் தேவைப்பட்டால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடுங்கள். பழைய சம்மரியின் அசலைத் திருப்பிக் கேட்டால், ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.